ராத்திரி முழுக்கச் சுட வைக்கலாமா?

கேள்வி: மிளகாய் வத்தலிலும் மஞ்சளிலும் பூச்சிக்கொல்லி எச்சம் பார்க்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் ஜி.சி.யில் இருப்பது ஈ.சி.டி. டிடெக்டர். ஒன்றரை மாதமாக பேஸ்லைன் ஏறிக்கொண்டே போகிறது; லிண்டேன் பீக் பாதியாகச் சுருங்கிவிட்டது. "400 டிகிரியில் ராத்திரி முழுக்கச் சுட வை, எல்லாம் எரிந்து போய்விடும்" என்கிறார் சீனியர். உள்ளே கதிரியக்கப் பொருள் இருப்பதால் எனக்குப் பயம். கழற்றி ஹெக்ஸேனில் கழுவினால் போதாதா?
— ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கழற்றவே கழற்றாதீர்கள்.

செல்லுக்குள் இருப்பது நிக்கல்-63. வழக்கமாக 10 அல்லது 15 மில்லிகியூரி. அது விடும் பீட்டா கதிர் சோனி. காற்றில் சில சென்டிமீட்டர்தான் போகும். செல்லின் உலோகச் சுவரைத் தாண்டாது. மூடிய டிடெக்டருக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கலாம். திறந்து துடைத்தால் கதை வேறு. நிக்கல் துணியில் ஒட்டி, விரலில் ஒட்டி, நாலு மணி டீயோடு வயிற்றுக்குள் போகும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் பொருள் அது. செல்லைத் திறக்க உங்களுக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை.

சீனியர் சொல்வது பாதி சரி. சுட வைத்துச் சுத்தம் செய்வதுதான் முறை. ஆனால் எதுவும் 'எரிவது' கிடையாது. எரிய ஆக்சிஜன் வேண்டும். செல்லுக்குள் ஆக்சிஜன் நுழையவே கூடாது. சூட்டில் அழுக்கு ஆவியாகிறது, நைட்ரஜன் அதை வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். ஆரம்பகால ஈ.சி.டி.களில் டிரிட்டியம் பூசிய தகடு இருந்தது. 225 டிகிரிக்கு மேல் ஏற்றினால் டிரிட்டியமே கிளம்பிவிடும் என்பதால் இந்த வைத்தியம் அதற்கு ஒத்துவராது. நிக்கல்-63 வந்த பிறகுதான் தைரியமாகச் சூடேற்ற முடிந்தது.

அழுக்கு ஏன் இப்படிப் படுத்துகிறது? நிக்கல் விடும் பீட்டா, நைட்ரஜனோடு மோதி எலக்ட்ரான்களை உதிர்க்கிறது. குளோரின் உள்ள மூலக்கூறு வந்தால் அவற்றை விழுங்கிவிடும். குறைகிற மின்னோட்டத்தை ஈடுகட்ட, கருவி துடிப்பின் வேகத்தைக் கூட்டுகிறது. அந்த வேகம்தான் நீங்கள் பார்க்கும் சிக்னல். சுவரில் அழுக்கு உட்கார்ந்துகொண்டால் அதுவும் எலக்ட்ரானைத் தின்னும். லிண்டேன் வந்து சேரும்போது பந்தியில் பாதி இலை காலி. உங்கள் பேஸ்லைன் ஏறியதும் பீக் சுருங்கியதும் ஒரே காரணத்தால்தான்.

ஆனால் அழுக்கு டிடெக்டரில்தான் இருக்கிறதா? அதைப் பார்க்காமல் சுடாதீர்கள். கருவியை ஆறவிட்டு கேப்பிலரியைக் கழற்றுங்கள். டிடெக்டர் வாயை ஓட்டையில்லாத ஃபெரூல் போட்ட நட்டால் அடையுங்கள். பழையபடி சூடேற்றி, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். பேஸ்லைன் சடசடவென்று இறங்கினால் தப்பு கேப்பிலரியிலோ, இன்ஜெக்டர் லைனரிலோ, கேரியர் காஸிலோ இருக்கிறது. இறங்காவிட்டால் டிடெக்டர், இல்லையென்றால் மேக்கப் காஸ்.

அந்த 'இல்லையென்றால்' என்ற இடத்தில் நானே ஒரு முறை சறுக்கினேன். இரண்டு ராத்திரி சுட்டும் பேஸ்லைன் இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் முன்னைவிட மேலே நின்றது. சுட ஆரம்பித்ததற்கு முந்தின வாரம்தான் நைட்ரஜன் சிலிண்டர் மாற்றியிருந்தோம். சுவரோரம் இருந்த ஆக்சிஜன் டிராப் அடியிலிருந்து நுனிவரை நிறம் மாறிக் கிடந்தது. தினமும் அதைக் கடந்துதான் நடந்தோம். கெட்ட காஸோடு சூடேற்றுவது செல்லுக்குள் துருவை வளர்ப்பதுதான். சிலிண்டர், டிராப், லீக் மூன்றையும் பார்த்த பிறகே ஹீட்டரைத் தொடுங்கள்.

இனி சுடலாம். கேப்பிலரி அவனுக்குள் இருக்கவே வேண்டாம். இரண்டு முனையையும் பழைய செப்டத்தில் குத்தி வெளியே வையுங்கள். காஸ் ஓடாத கேப்பிலரி சூட்டில் வீணாகிவிடும். மேக்கப் நைட்ரஜன் நிமிடத்துக்கு 60 மில்லி, அவன் 250 டிகிரி, டிடெக்டர் 350 முதல் 375 வரை. 400 என்பது பல கருவிகளுக்கு உச்ச வரம்பு. எல்லைக்கோட்டில் ராத்திரி முழுக்க நிறுத்த வேண்டிய அவசியமில்லை, உங்கள் மாடலின் கையேடு அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதுதான் கணக்கு. ஃபெரூல் சூட்டில் சுருங்கும் என்பதால் முதல் சூட்டுக்குப் பிறகு ஆறவிட்டு நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். டிடெக்டரிலிருந்து வெளியேறும் காஸ் ஃபியூம் ஹூடுக்குள்ளோ கட்டடத்துக்கு வெளியிலோ போகிறதா என்று பாருங்கள்.

முதல் ஒரு மணி நேரத்தில் சிக்னல் எகிறும். பயந்து நிறுத்திவிடாதீர்கள், ஒட்டியிருந்தது கிளம்புகிறது என்று அர்த்தம். பிறகு மெதுவாக இறங்கும். காலையில் வழக்கமான சூட்டுக்குக் கொண்டுவந்து, நிலைப்பட்டதும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கேப்பிலரியை மாட்டி லிண்டேன் ஸ்டாண்டர்டைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சுட்டதெல்லாம் சுத்தமாகும் என்று அடுத்த மேசை எஃப்.ஐ.டி.க்கும் இதையே செய்துவிட வேண்டாம். அதன் கலெக்டரில் படியும் வெள்ளைப் பொடி, கேப்பிலரியின் சிலிக்கோன் சுடரில் எரிந்து உண்டான சிலிக்கா. தீயில் பிறந்தது சூட்டுக்கா மசியும்? அதை பிரஷ் போட்டுத்தான் தேய்க்க வேண்டும்.

மறுபடி அழுக்கு சேராமலிருக்க, டிடெக்டர் சூடு எப்போதும் அவனின் கடைசிச் சூட்டைவிட 20, 30 டிகிரி கூடவே இருக்கட்டும். மிளகாய் எக்ஸ்ட்ராக்ட் செக்கச் செவேல் என்று வயலுக்கு வந்தால் கிளீனப் போதவில்லை என்று பொருள். டைகுளோரோமீத்தேனில் எடுத்த மாதிரியை ஹெக்ஸேனுக்கு மாற்றாமல் ஊசி போடாதீர்கள். அதில் ஒரு மூலக்கூறுக்கு இரண்டு குளோரின்.

இரண்டு மூன்று முறை சுட்டும் எண் இறங்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். செல்லை முழுசாகத் தயாரிப்பாளருக்கு அனுப்ப வேண்டியதுதான். வாரியத்தின் அனுமதிக் காகிதங்களுக்கு நாளாகும். எழுத்து வேலையை உங்கள் கதிரியக்கப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.