எல்லாத் தரைக்கும் ஒரே டயரா?

திருவனந்தபுரத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் வண்டிகள் பெருத்துவிட்டன. எண்ணிக்கையைச் சொல்லவில்லை, உருவத்தைச் சொல்கிறேன். ஒரு காலத்தில் நம்மவர் வீட்டு வாசலில் மாருதி 800 நின்றாலே பெரிய விஷயம். இன்று மகிந்திரா தார், ஸ்கார்ப்பியோ, ஜிம்னி, இசுசு பிக்கப் என்று ஆள் உயரத்துக்கு வண்டிகள் நிற்கின்றன. அவற்றோடு கூடவே ஒரு கேள்வியும் வந்து சேர்ந்திருக்கிறது: "அண்ணாச்சி, ஆல் டெரெய்ன் டயர் போடலாமா?"

கரமனைப் பக்கம் டயர்க்கடை வைத்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. (இங்குள்ள மலையாளிகளுக்கு, கடை வைத்திருக்கும் தமிழன் எவனாக இருந்தாலும் அண்ணாச்சிதான். திருநெல்வேலிக்காரனாகிய எனக்கு அதில் வருத்தம் இல்லை.) இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்ல முடியாது. வண்டி ஓட்டுபவர்கள் என்னிடம் சொன்னவற்றையும், கழற்றிப் போட்ட டயர்களில் நான் கண்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். டயர் விற்பவன் எழுதுவதால் விளம்பரமாக இருக்குமோ என்று அன்பர்கள் ஐயுற வேண்டாம். படித்து முடித்தால், வேண்டாம் என்று முடிவு செய்பவர்களே அதிகமாக இருப்பீர்கள்.

முதலில் வகைகளைப் புரிந்துகொள்வோம். லாரிக்காரர்கள் நெடுங்காலமாக 'லைன் டயர்', 'பட்டன் டயர்' என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். நீளவாக்கில் கோடு ஓடினால் லைன். கட்டை கட்டையாகப் பிரிந்திருந்தால் பட்டன். எஸ்.யூ.வி. டயர்களில் லைன் டயருக்கு நெருக்கமானது ஹைவே டெரெய்ன். பட்டன்கள் மிகப் பெரியவையாய், இடைவெளி அகன்று இருப்பது மட் டெரெய்ன், அதாவது சேற்று டயர். இரண்டுக்கும் நடுவே நிற்பது ஆல் டெரெய்ன். 1976இல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனம் ரேடியல் அமைப்பில் இந்த வகையைக் கொண்டுவந்தது. இன்று நம் நாட்டு நிறுவனங்கள் பலவும் செய்கின்றன. பெயரில் 'ஆல்' இருப்பதால் எல்லாத் தரையிலும் சிறந்தது என்று பொருள் கொள்ளக் கூடாது. எல்லாத் தரையிலும் சமாளிக்கும் என்பதே பொருள். சமாளிப்பதற்கும் சிறப்பதற்கும் உள்ள இடைவெளியில்தான் உயிர்ப் பிரச்சினையே இருக்கிறது.

டயர் என்றதும் நம் இரு மாநிலங்களுக்கும் உள்ள உறவு ஒன்றை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. பழைய திருவிதாங்கூர் மலைகளில் 1900களின் தொடக்கத்திலேயே ரப்பர் வந்துவிட்டது. கன்னியாகுமரி மாவட்டம் 1956இல் தமிழகத்தோடு சேர்ந்தபோது, குலசேகரம் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களும் கூடவே வந்தன. கேரளத்தில் பிறந்த கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946இல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கியதுதான் இன்றைய எம்.ஆர்.எஃப். அந்தப் பெயரின் முதல் எழுத்தே மதராஸ் அல்லவா! இங்கிருந்து அங்கே போய்ப் பிழைத்தவர்களும் உண்டு. அங்கிருந்து இங்கே வந்த நம்மைப் போன்றவர்களும் உண்டு.

இனி அனுபவங்களுக்கு வருவோம்.

விதுரா தாண்டிப் போனக்காட்டுப் பக்கம் சரக்கு ஏற்றிப் போகும் பிக்கப் டிரைவர் ஒருவர் பல ஆண்டுகளாக என் கடைக்கு வருகிறார். அகத்தியர்கூட மலைக்கு நடப்பவர்கள் புறப்படும் இடம் போனக்காடு. தமிழ்நாட்டிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த லயங்கள் அங்கே உண்டு. காட்டுச் சாலை, உடைந்த கருங்கல், மழைக்காலத்தில் ஓடை. ஹைவே டயர் போட்டிருந்த நாட்களில் அவருக்குப் பெரிய தொல்லை பஞ்சர் அல்ல, பக்கச் சுவர் கிழிவதுதான். நடுவில் ஆணி குத்தினால் ஒட்டலாம். பக்கச் சுவரில் கல் வெட்டினால் அந்த டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அங்கே ஒட்டுப் போட்டு ஓட்டுவது தற்கொலைக்குச் சமம். ஆல் டெரெய்ன் மாற்றிய பிறகு அந்தச் செலவு பெருமளவு குறைந்தது என்கிறார். பக்கச் சுவர் தடிமனாக இருப்பதும், தோள்பட்டை வரை பட்டன்கள் இறங்கி வந்து கல்லைத் தாங்கிக்கொள்வதுமே காரணம். அவருக்கு இந்த டயர் சரியான தேர்வு என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

அவரே சொன்ன இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. செம்மண் சேற்றில் இது பெரிய வீரன் அல்ல. நம் பக்கத்துச் செம்மண் களிபோல ஒட்டும். பட்டன்களின் இடைவெளி அடைத்துக்கொண்டால், அது பட்டன் டயரே அல்ல, மண் பூசிய மொட்டை டயர். அகன்ற இடைவெளி உள்ள சேற்று டயர் சுழலும்போதே மண்ணை உதறிவிடும். ஆல் டெரெய்ன் பாதிதான் உதறும்.

அடுத்தவர் கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் இளைஞர், நம் சங்கத்து நண்பர் ஒருவரின் மகன். தார் வண்டி வாங்கினார்; தார்ச்சாலையை விட்டு அது இறங்கியதே இல்லை. தோற்றத்துக்காகக் கரடுமுரடான ஆல் டெரெய்ன் போட்டார். முதல் மாதம் மகிழ்ச்சி. பிறகு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். வண்டிக்குள் 'ஊ' என்று ஓர் இரைச்சல். ஒவ்வொரு பட்டனும் தரையில் அறைவதாலும், இடையில் சிக்கிய காற்று பிதுங்கி வெளியேறுவதாலும் வரும் ஓசை அது. நாகர்கோவில் போகும்போது பைபாஸில் முக்கோலா முதல் காரோடு வரை கான்கிரீட் சாலை அல்லவா, அங்கே இன்னும் அதிகம் என்றார். பின் இருக்கையில் வந்த அவருடைய பாட்டி, வண்டியில் ஏதோ கோளாறு என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாராம். எரிபொருளும் கொஞ்சம் கூடுதலாகச் செலவாயிற்று. டயரின் எடை கூடும்போதும், பட்டன்கள் வளைந்து நிமிரும்போதும் அந்த வேலைக்கான சக்தி டாங்கியிலிருந்துதானே வர வேண்டும்?

இரைச்சலையும் செலவையும் பொறுத்துக்கொள்ளலாம். அவர் கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலை, முன்னே போன ஸ்கூட்டர் திடீரென நின்றது. பிரேக்கை மிதித்ததும் தம் வண்டி நிற்கும் என்று அவர் எதிர்பார்த்த இடத்தில் அது நிற்கவில்லை. நல்லவேளை, ஸ்கூட்டர் ஓரமாக ஒதுங்கிவிட்டது. அவர் தம்மையே நொந்துகொண்டார். வேகம் அதிகம் இல்லை. என் கணிப்பில் டயருக்கும் அதில் பங்கு உண்டு. ஈரத் தாரில் வண்டியை நிறுத்துவது தரையைத் தொடும் ரப்பர். பட்டன் டயரில் இடைவெளி அதிகம், ஆகவே தொடும் ரப்பர் குறைவு. உயரமான பட்டன் பிரேக் பிடிக்கும்போது வளைந்து கொடுக்கும். கல்லில் வெட்டுப்படாமல் இருக்கச் சேர்க்கும் ரப்பர்க் கலவை பெரும்பாலும் கடினமானது, ஈரத்தில் பிடிப்புக் குறைந்தது. நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு உண்டு. பட்டன்மேல் பிளேடால் கீறியதுபோல மெல்லிய கீற்றுகள் நிறைய இருக்கும் டயர் ஈரத்தில் தேவலை. பொதுவாக, ஈரத் தாரில் நல்ல ஹைவே டயருக்கு ஆல் டெரெய்ன் ஈடாகாது. நம் ஊரோ தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையையும் வாங்கும் ஊர். பல நாள் வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் கலந்து சோப்புப் போட்டதுபோல் இருக்கும்.

'எம் பிளஸ் எஸ்' என்று டயரில் பொறித்திருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். சேறு, பனி என்பதன் சுருக்கம் அது. பட்டன் அமைப்பை வைத்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் முத்திரை. ஈரச் சாலையில் பிரேக் பிடித்துப் பார்த்துத் தந்த சான்று அல்ல.

இப்போது காற்றைப் பற்றி. பாடம் என்று ஒன்று இக்கட்டுரையில் இருந்தால் அது இதுதான். மணலிலும் சேற்றிலும் போகிறவர்கள் டயரின் காற்றைக் குறைப்பார்கள். டயர் பரந்து படிந்து மணலில் புதையாமல் நிற்கும். கடற்கரை மணலில் பட்டனைவிட இந்த வித்தைதான் வேலை செய்யும். 32 பி.எஸ்.ஐ. இருந்ததை 20க்கு இறக்குவது சாதாரணம். சிக்கல் எங்கே என்றால், திரும்பத் தார்ச்சாலையில் ஏறும்போது காற்று ஏற்றாமல் வீட்டுக்கு விரட்டுவது.

நாசா நிறுவனம் 1960களில் விமான டயர்களை வைத்துச் செய்த ஆய்வில் ஒரு கணக்குக் கண்டது. தேங்கிய நீரின்மேல் டயர் படகுபோல மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அழுத்தத்தை பி.எஸ்.ஐ.யில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 10.35ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை மைல் என்று வரும். பிள்ளைகளை விட்டுப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 32 பி.எஸ்.ஐ.க்குச் சுமார் 94 கி.மீ. வேகம் வரும். 20 பி.எஸ்.ஐ.க்குச் சுமார் 74 கி.மீ.தான். கார் டயருக்கு இது அப்படியே பொருந்தாது. பட்டன் ஆழமும், தண்ணீரின் ஆழமும், டயரின் அகலமும் கணக்கை மாற்றும். ஆழமான பட்டன்கள் புதிதாக இருக்கும்போது தண்ணீரை நன்றாகவே வெளியேற்றும் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் காற்றுக் குறைந்த டயர் முன்னதாகவே மிதக்கும் என்பது மாறாது. மிதக்கும் நேரத்தில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் உங்கள் கையில் இல்லை. கையடக்கமான கம்ப்ரஸர் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். அது இல்லாமல் காற்றைக் குறைக்கவே வேண்டாம்.

அளவைக் கூட்டுவது அடுத்த ஆசை. டயரில் 235/70 ஆர் 16 106 எஸ் என்று இருந்தால், அகலம் 235 மி.மீ.; பக்கச் சுவரின் உயரம் அதில் 70 விழுக்காடு; ஆர் என்பது ரேடியல்; ரிம் 16 அங்குலம்; 106 என்ற குறி ஒரு டயர் 950 கிலோ தாங்கும் என்பதற்கு; எஸ் என்பது மணிக்கு 180 கி.மீ. வரை என்பதற்கு. பிக்கப்பில் பாரம் ஏற்றுபவர்கள் அந்த 106 என்ற இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும், பட்டனை அல்ல. இதற்குப் பதில் 245/75 ஆர் 16 போட்டால் விட்டம் சுமார் 735 மி.மீ.யிலிருந்து 774 மி.மீ. ஆகும், அதாவது 5 விழுக்காடு கூடும். ஸ்பீடோமீட்டர் அது சக்கரம் சுற்றுவதை எண்ணும் கருவி. முள் 80 காட்டும்போது பழைய டயரில் இருந்ததைவிட 4 கி.மீ. கூடுதலாகவே ஓடிக்கொண்டிருப்பீர்கள். நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதால் அதில் 10 விழுக்காடு ஏறிவிடும். முழுவளைவு திருப்பும்போது மட்கார்டில் உரசுவது தனி.

சட்டமும் இருக்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைக்க மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இடந்தரவில்லை என்று தீர்ப்பளித்தது. கையேட்டில் உள்ள அளவுகளுக்குள் பட்டன் டயர் போடுவதில் தவறில்லை. அதை மீறிப் பெரிதாக்கினால், சோதனையிலும், விபத்துக்குப் பின் காப்பீட்டிலும் கேள்வி எழ இடமுண்டு.

நான்கு சக்கர இழுவை உள்ள வண்டிக்காரர்களுக்கு மட்டும் ஒரு சொல். செலவை நினைத்து இரண்டு டயர் மட்டும் மாற்றாதீர்கள். முன்னும் பின்னும் விட்டம் வேறுபட்டால், தார் போன்ற வண்டிகளில் 4×4 போட்டதும் கியர்ப்பெட்டி முறுக்கேறும். காய்ந்த தார்ச்சாலையில் அந்த 4×4ஐப் போடவே கூடாது என்பதும் அதே காரணத்தால்தான். மலையில் போட்டுவிட்டு, பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளையும் அப்படியே இறங்கி வந்து, வண்டி முறுக்குகிறது என்று கடைக்கு வருபவர்கள் உண்டு.

ஆகவே யாருக்கு இது வேண்டும்? தோட்டம் துரவு உள்ளவர்கள், மலைக்கிராமங்களுக்கு வாரம் தவறாமல் போகிறவர்கள், கல்லுச் சாலையில் பிழைப்பவர்கள் தாராளமாகப் போடலாம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இத்தகைய வண்டிகளும் டயர்களும் உணவையும் ஆட்களையும் கொண்டு சேர்த்ததை நாம் மறக்க முடியாது. அலுவலகம், பள்ளி, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர்ப் பயணம், எப்போதாவது பொன்முடி என்று ஓடும் குடும்ப வண்டிக்கு நல்ல ஹைவே டயரே போதும். பொன்முடி வரை தார்தானே? ஊரில் வயலோரம் வீடு இருந்து, நடுத்தரமாக ஒன்று வேண்டும் என்பவர்கள், பட்டன்கள் நெருக்கமாகவும் கீற்றுகள் நிறைந்தும் உள்ள மென்மையான ஆல் டெரெய்ன் பார்க்கலாம்.

எந்த டயரானாலும் பள்ளத்தின் அடியில் குறுக்கே சிறு மேடு இருக்கும். ரப்பர் தேய்ந்து அதனோடு சமமானால் 1.6 மி.மீ.தான் மிச்சம், நம் நாட்டு விதியும் அதற்குக் குறையக் கூடாது என்கிறது. மழைக்கு நான் 3 மி.மீ.யிலேயே மாற்றச் சொல்வேன். ஆல் டெரெய்ன் புதிதில் ஆழம் அதிகம் என்பதால், பாதி தேய்ந்தபின்னும் 'இன்னும் நிறைய இருக்கிறது' என்று தோன்றும். அதற்குள் கீற்றுகள் மறைந்திருக்கும், ரப்பரும் இறுகியிருக்கும். 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை இடம் மாற்றிப் போடாவிட்டால் பட்டன்கள் ஒருபக்கம் சாய்ந்து தேய்ந்து, இரைச்சல் இரட்டிப்பாகும்.

டயரின் வயது அதன் பக்கச் சுவரிலேயே இருக்கிறது. டி.ஓ.டி. வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆறு ஆண்டு தாண்டினால் ஆண்டுதோறும் கடையில் காட்டுங்கள்; பத்து ஆண்டானால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். அப்படியே வண்டியின் பின்னால் உறை போட்டுத் தொங்கவிட்டிருக்கும் ஸ்டெப்னியின் உறையையும் கழற்றி அந்த நான்கு எண்களைப் படியுங்கள், காற்றையும் பாருங்கள். நான்கும் புது டயராய், ஸ்டெப்னி மட்டும் வண்டி வாங்கிய நாளிலிருந்து காற்றுப் பார்க்காமல் பழைய அளவிலேயே தொங்கும் வண்டிகள் வாரத்துக்கு இரண்டாவது என் கடைக்கு வருகின்றன.