தொண்டை வலியும் இதய வால்வும்

பிள்ளைக்குத் தொண்டை வலி என்றால் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்கிறோம். பெரும்பாலும் அது போதும். அதிகமான தொண்டை வலிகள் வைரஸால் வருபவை, தாமாகவே ஆறிவிடும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வருவது அப்படியல்ல. அதில் காய்ச்சலோடு தொண்டை சிவக்கும், விழுங்க வலிக்கும், கழுத்தில் நெறி கட்டும்; சளி, இருமல் அதிகம் இருக்காது. டாக்டர் 10 நாள் மருந்து எழுதினால், மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டாலும் 10 நாளும் கொடுக்க வேண்டும்.

கொடுக்காவிட்டால்? இரண்டு மூன்று வாரம் கழித்து சில பிள்ளைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது. 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளையே இது அதிகம் பிடிக்கிறது. முழங்கால் வீங்கும், அது வடிந்ததும் கணுக்கால் வீங்கும். 'வளர்கிற வயசு வலி' என்று விட்டுவிடுகிறோம். மூட்டு வீக்கம் தடயமின்றிப் போய்விடும். வால்வில் விழும் தழும்பு போகாது. கிருமி இதயத்துக்குள் புகுந்து செய்யும் கெடுதி அல்ல இது. கிருமியோடு போராட உடல் உண்டாக்கிய எதிர்ப்புச் சக்தி, சாயலில் ஒத்திருக்கும் இதயத் திசுவையும் சேர்த்துத் தாக்குகிறது. பல பெண்களுக்கு, கர்ப்பகாலத்தில் மூச்சு வாங்கும்போதுதான் வால்வு சுருங்கியிருப்பதே தெரிய வருகிறது.

மறுபடி வராமலிருக்க 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடுகிறார்கள். வலிக்கிற ஊசிதான். குறைந்தது 5 ஆண்டு. வால்வு கெட்டிருந்தால் 40 வயது வரைகூட. 'பிள்ளை நன்றாகத்தானே ஓடியாடுகிறது' என்று நிறுத்துகிறவர்களும், மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்களே என்று மகளுக்கு நிறுத்துகிறவர்களும் நம்மிடையே உண்டு. இரண்டாவது காரணம் எனக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு முறை காய்ச்சல் திரும்பும்போதும் தழும்பு கூடுகிறது. அந்தச் சுமையோடுதான் அவள் பிரசவ அறைக்குப் போக வேண்டும். சம்பந்தம் பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

கெட்ட வால்வில் கிருமி எளிதில் குடியேறும். சொத்தைப் பல்லிலிருந்தும் அது இரத்தத்தில் கலக்கலாம். ஆகவே பல் பிடுங்கப் போகுமுன் வால்வுக் கோளாறைப் பல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இவர்களுக்கு ஒரு வாரத்துக்கு மேல் லேசான காய்ச்சல் விடாமல் இருந்தால், மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. ஆன்டிபயாட்டிக் உள்ளே போய்விட்டால் இரத்தப் பரிசோதனையில் கிருமி தென்படாமல் போகலாம். முதலில் பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் கொடுங்கள், மாத்திரை அதற்குப் பிறகு.