என்ஜினின் நாடியும் ஒரு பிழைக் குறியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

என் தாய்மாமனிடம் ஒரு ஜீப் இருக்கின்றது. கல்வராயன் மலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு ஆள்களையும் மூட்டைகளையும் ஏற்றி வருவதும், மாலையில் திரும்ப மலையேற்றுவதுமே அவருடைய பிழைப்பு. இரண்டு கை மாறி வந்த வண்டி. அத்தையின் நகையை அடகு வைத்து வாங்கியது. சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் இந்த வண்டி, கோமுகி அணையைக் கடந்து மலைச்சாலையில் ஏறும்போது சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடத் தொடங்கியது.

ஜீப் பழுதானதற்கும் கல்லூரி ஆண்டு மலருக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் வினவலாம். அந்தப் பழுதில் மாமா இழந்த தொகையில் பெரும்பகுதி, நாம் முதலாண்டில் படித்த ஒரு பாடத்தை யாரும் நினைத்துப் பார்க்காததால் இழந்த தொகை. அந்த 'யாரும்' என்பதில் நானும் அடக்கம்.

வண்டி முதன்முறை நின்றபோது பட்டறையில் ஸ்கேனர் என்னும் கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள். அதில் 'பி 0335' என்று ஒரு குறி வந்தது. கிராங்க் சென்சார் போய்விட்டது என்று சொல்லி மாற்றினார்கள். நான்கு நாள் ஓடிற்று. ஐந்தாம் நாள் நின்றது. மீண்டும் அதே குறி. மெக்கானிக் புதிய சென்சாரைச் சூடாக இருக்கும்போதே கழற்றி மல்டிமீட்டரில் அளந்தார். வாங்கும்போது 860 ஓம் காட்டியது இப்பொழுது 1,080 காட்டுகின்றது, ஆகவே இது போலிச் சரக்கு என்றார். மூன்றாவது சென்சார் வந்தது. அதற்கான பணம் என் விடுதிச் சாப்பாட்டுக்காக எடுத்து வைத்திருந்தது. அதன் பிறகும் வண்டி நின்றது. இம்முறை அதில் பிரசவத்துக்கு நாள் நெருங்கிய ஒரு பெண் இருந்தாள். கள்ளக்குறிச்சியில் பரிசோதனை முடித்து ஊர் திரும்பிக் கொண்டிருந்தவள், பால் வண்டி ஒன்று வரும்வரை சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். மறுநாளிலிருந்து மாமாவின் வண்டியில் ஆள்கள் ஏறத் தயங்கினார்கள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா, பட்டறையில் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை என் முன் நீட்டினார். "மாப்ளே, நீ இயற்பியல்தானே படிக்கிற? இது என்னான்னு சொல்லு." எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை என்று எழுதினால் மிகையாகத் தோன்றும், ஆனால் வரவில்லை.

முதலில், சென்சார் என்ன செய்கின்றது என்பதைக் காண்போம். டீசல் என்ஜினில் காற்றை அழுத்திச் சூடாக்கி, பிஸ்டன் மேல்முனையை அடையும் தறுவாயில் எரிபொருளைப் பீய்ச்ச வேண்டும். முன்னாள்களில் இந்தக் காலக் கணக்கை இயந்திரப் பம்பு ஒன்றே பார்த்துக் கொண்டது. காமன் ரெயில் என்ஜினில் அந்தப் பொறுப்பு ஒரு கணினிப் பெட்டியைச் சேர்ந்தது. நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடும் என்ஜினில் கிராங்க் அச்சு ஒரு பாகை திரும்ப ஆகும் நேரம், ஒரு வினாடியில் 12,000-இல் ஒரு பங்கு. இத்தனை நுட்பமான காலத்தைக் கணினி கணிக்க வேண்டுமாயின், அச்சு எங்கே நிற்கின்றது என்பதை யாரேனும் அதற்கு இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அதைச் சொல்வதுதான் கிராங்க் சென்சார்.

அதன் உள்ளே இருப்பவை ஒரு நிலைக்காந்தமும் அதன்மேல் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும். எதிரே கிராங்க் அச்சோடு சுழலும் ஓர் இரும்புப் பற்சக்கரம். பல் ஒவ்வொன்றும் சென்சாரின் முனையை நெருங்கி விலகும்போது சுருளின் வழியே செல்லும் காந்தப் பாயம் மாறுகின்றது. மாறுவதால் மின்னியக்கு விசை தூண்டப்படுகின்றது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த அதே விதிதான். நாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்து பத்து மதிப்பெண் வாங்கிய விதி, மலைச்சாலையில் இரும்பும் எண்ணெயுமாகச் சுழன்று கொண்டிருக்கின்றது.

பல வண்டிகளில் இச்சக்கரத்தை 60 பல்லுக்கு இடம் வகுத்து, அடுத்தடுத்த இரண்டு பல்லை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுகின்றார்கள். ஒரு பல்லுக்கு 6 பாகை. விட்டுப்போன இடம் வரும்போது மின்துடிப்பும் விட்டுப் போகின்றது. அதுதான் கணினிக்கு மைல்கல். அங்கிருந்து அது பற்களை எண்ணத் தொடங்கும். இந்த அமைப்பில் ஓர் அழகும் உண்டு. நிமிடத்துக்கு எத்தனை சுற்றோ, ஏறத்தாழ அத்தனையே வினாடிக்கு வரும் துடிப்புகளின் எண்ணிக்கையும்! 750 சுற்றில் 750 ஹெர்ட்ஸ்.

நான்கு வீச்சு என்ஜினில் பிஸ்டன் ஒரு சுழற்சிக்குள் இருமுறை மேலே வரும். ஒருமுறை அழுத்த, ஒருமுறை புகையை வெளித்தள்ள. இவற்றுள் எது எது என்பது கிராங்க் சென்சாருக்குத் தெரியாது. பாதி வேகத்தில் சுழலும் கேம் அச்சின் சென்சார்தான் அதைத் தெரிவிக்கும். ஆகவே குறிகளும் மூவகையாக வருகின்றன. பி 0335 என்பது கிராங்க் சென்சார் மின்சுற்றைப் பற்றியது. பி 0340 கேம் சென்சார் மின்சுற்றைப் பற்றியது. பி 0016 இரண்டையும் விட வேறானது: இரு சென்சார்களும் செய்தி அனுப்புகின்றன, ஆனால் அவர்கள் சொல்வது ஒன்றோடொன்று பொருந்தவில்லை. டைமிங் செயின் நீண்டுபோனாலும், பெல்ட் ஒரு பல் தாண்டி மாட்டப்பட்டிருந்தாலும் இது வரும். அந்த நிலையில் சென்சார் வாங்குபவர், கடிகாரம் பழுதானதற்கு நாள்காட்டியை மாற்றுகின்றவர் ஆவார்.

இக்குறிகளை உலகெங்கும் ஒரே பொருளில் வழங்கச் செய்தது புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு முதல் புதிய கார்கள் அனைத்திலும் இது கட்டாயமாயிற்று. நம் நாட்டில் பாரத் நிலை 4 விதிகளை ஒட்டிப் புகுந்தது. அந்நிலை நாடு முழுமைக்கும் வந்தது 2017 ஏப்ரலில்தான். மாமாவின் வண்டி அதற்கு முந்தைய நிலையைச் சேர்ந்தது. ஆயினும் கணினி உள்ள என்ஜின் ஆதலால் குறியும் அதில் உண்டு.

பி 0335-இன் முழுப் பொருளைத் தேடிப் படித்தபோது ஒரு சொல்லில் என் கண் நின்றது: மின்சுற்று. சென்சார் கெட்டது என்று அந்தக் குறி எங்கும் சொல்லவில்லை. கணினிப் பெட்டியின் பின்னிலிருந்து இணைப்பிகள், கம்பிகள், சென்சார், காற்றிடைவெளி, பற்சக்கரம் என்று செல்லும் பாதை முழுவதுக்கும் பொதுவான புகார் அது. பெட்டிக்குள் இருக்கும் கணினிக்குத் தெரிந்தது தன் வாசலுக்குச் செய்தி வரவில்லை என்பது மட்டுமே. வழியில் எங்கே அறுந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்?

அடுத்து அந்த 1,080 ஓம். நம் ஆய்வுக்கூடத்தில் கேரி ஃபாஸ்டர் சமனச் சுற்றைக் கொண்டு கம்பிச் சுருளின் மின்தடை வெப்பநிலை எண்ணைக் கண்டறிந்திருக்கின்றோம். செம்புக்கு அது ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 0.0039. அதாவது சூடானால் தடை கூடத்தான் வேண்டும்; கூடாவிட்டால்தான் வியக்க வேண்டும்! கழற்றிப் போட்ட இரு சென்சார்களும் வண்டி இருக்கைக்கு அடியிலேயே கிடந்தன. ஆய்வுக்கூடத்திலிருந்து அனுமதி பெற்று ஒரு வெப்பநிலைமானி கொண்டு சென்றேன். சென்சார்களைப் பாலித்தீன் உறையில் இறுகக் கட்டி, அம்மாவின் அலுமினியக் குண்டானில் தண்ணீரோடு வைத்து அடுப்பில் ஏற்றினேன். 'போலி' என்று கழித்த சென்சார் 30 பாகையில் 860 ஓம், 90 பாகையில் 1,060 ஓம். கணக்குப்படி வர வேண்டியது 1,061. வண்டியோடு வந்த பழைய சென்சார் 872-இல் தொடங்கி 1,075 காட்டியது. கணக்கு 1,076. இரண்டும் பழுதற்றவை. சூடேற்றும்போது எங்கும் இணைப்பு அறவும் இல்லை.

மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். பிறகு அந்தக் கோபமும் தணிந்தது. மெக்கானிக் அண்ணன் எட்டாம் வகுப்போடு பட்டறைக்கு வந்தவர். அளந்து பார்த்தாரே, அதுவே பெரிது. அளந்த எண்ணுக்குப் பொருள் சொல்லப் படித்தவர்கள் நாமல்லவா? மூன்று வாரமாக நான் என்ன செய்து கொண்டிருந்தேன்?

சென்சார் குற்றமற்றது எனில் குற்றம் எங்கே? மாமாவை உட்கார வைத்து, வண்டி நின்ற ஒவ்வொரு தடவையையும் கேட்டு நோட்டில் எழுதினேன். மொத்தம் ஏழு. "சூடானா நிக்குது, ஆறினா ஓடுது" என்பதே அதுவரை எல்லோரும் நம்பியது. ஆனால் ஏழில் இரண்டு, விடியற்காலையில் புறப்பட்டுப் பத்து நிமிடத்துக்குள் நிகழ்ந்தவை. அப்போது என்ஜின் முழுதாகச் சூடேறியிருக்கவே இல்லை. திரும்ப ஓடுவதற்கு ஒருமுறை ஐந்து நிமிடமும் ஒருமுறை முக்கால் மணியும் ஆகியிருக்கின்றது. சூடு காரணமென்றால் இவ்வளவு வேறுபாடு வராது. இன்னொன்றும் தெரிந்தது: ஏழும் ஏற்றத்தில், முதல் அல்லது இரண்டாம் கியரில். இறக்கத்தில் ஒருமுறைகூட இல்லை.

மற்றொரு சான்றை மாமா போகிற போக்கில் சொன்னார். வண்டி கியரில் உருண்டு கொண்டிருக்கும்போதே சுற்றுமானி முள் சட்டென்று சுழிக்கு விழுமாம். எண்ணெய் வராமல் நின்றிருந்தால், சக்கரங்கள் என்ஜினைச் சுழற்றிக் கொண்டிருக்கும் வரை முள் மெல்ல மெல்லவே இறங்கும். அச்சு சுழலும்போதே முள் சுழியில் இருக்கின்றது என்றால் கணினிக்குச் செய்தி போகவில்லை என்று பொருள்.

ஏற்றத்தில் மட்டும் என்ன மாறுகின்றது? முறுக்கு விசை. சக்கரத்தை என்ஜின் ஒரு திசையில் முறுக்கினால், அதற்கு எதிர்த்திசையில் என்ஜினும் முறுக்கப்படும். நியூட்டனின் மூன்றாம் விதிக்கு விலக்கில்லை. ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கும் என்ஜின் பளுவேறும்போது ஒருபக்கம் சாய்கின்றது. கணினிப் பெட்டியோ உடற்சட்டத்தில் அசையாமல் இருக்கின்றது. இரண்டுக்கும் நடுவே செல்லும் கம்பி இழுபடும்.

இதைச் சொன்னபோது மெக்கானிக் அண்ணன் சிரிக்கவில்லை. "பாத்துருவோம் தம்பி" என்றார். பேட்டரி முனையைக் கழற்றிவிட்டுக் கணினியின் இணைப்பியைப் பிரித்தோம். எந்த இரு முனைகள் என்பதை அவர் கைப்பேசியில் இருந்த மின்வரைபடம் காட்டியது. (மல்டிமீட்டர் ஊசியை அந்தத் துளைகளுக்குள் அழுத்திச் செருகக் கூடாது, துளை அகன்று புதிய பழுது பிறக்கும். தொட்டாற்போதும். இன்னொன்று: மூன்று கம்பி உள்ள சென்சார்களில் பல ஹால் விளைவில் இயங்குபவை, அவற்றின் நலத்தை ஓம் அளந்து அறிய முடியாது.) மீட்டர் 864 காட்டியது. கம்பியை அசைத்தோம், மாற்றமில்லை. அண்ணன் ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுத்துக் கடப்பாரையால் என்ஜினை மெல்ல நெம்பினார். ஓர் அங்குலம்கூட நகர்ந்திராது. 864 மறைந்து, மீட்டர் 'ஓ.எல்.' என்றது. சுற்று அறுந்துவிட்டது. தளர்த்தினார், எண் உடனே வரவில்லை. கம்பியைத் தட்டியபின் வந்தது.

முன்பு எப்போதோ கிளட்ச் வேலை பார்த்தவர் யாரோ, கம்பிக் கட்டைப் பிடிக்கும் கிளிப்பைத் திரும்ப மாட்டாமல் விட்டிருக்கின்றார். கம்பி தொய்வின்றி விறைத்துக் கிடந்தது. மேலுறையில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் விரலால் பிடித்து இழுத்தபோது ஓரிடம் மட்டும் ரப்பர் போல நீண்டது. உறையைப் பிளந்தோம், உள்ளே செப்பிழைகள் அனைத்தும் அற்றிருந்தன. முனைகள் ஒன்றையொன்று தொட்டால் வண்டி ஓடும், விலகினால் நிற்கும். பிறகு மாமா திரும்பத் திரும்பச் சாவி திருப்பும் அதிர்வில் எப்போதேனும் தொடும். ஐந்து நிமிடமும் முக்கால் மணியும் அதனால்தான்.

அந்தப் பகுதியை வெட்டி, புதிய கம்பி இணைத்து ஈயம் பற்றவைத்து, உறையிட்டோம். இரு கம்பிகளையும் முன்போலவே முறுக்கி விட்டோம். முறுக்கு இல்லாவிட்டால் அருகிலுள்ள கம்பிகளின் மின் இரைச்சல் புகுந்து கணினி பற்களைத் தவறாக எண்ணக்கூடும். நாலு விரற்கடைத் தொய்வு விட்டுக் கிளிப் போட்டோம். பொருள் செலவு 140 ரூபாய். குறியை அழித்துவிட்டு, மூட்டைகளை ஏற்றிக் கொண்டு மூவரும் மலையேறினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மாமா என் முகத்தைப் பார்த்தார். நான் சுற்றுமானி முள்ளைப் பார்த்தேன். வெள்ளிமலை வரை அது விழவில்லை. அதற்குப் பின் இன்றுவரையும் விழவில்லை.

கழித்துக் கட்டிய இரு சென்சார்களில் ஒன்றை மாமா உதிரியாக வண்டியில் வைத்திருக்கின்றார். மற்றதை நம் துறை ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்திருக்கின்றேன். சன்னலோர மேசையில் இருக்கும். அதன் முனைகளில் மல்டிமீட்டரை இணைத்து மாறுமின் மில்லிவோல்ட்டில் வைத்து, எதிரே ஓர் இரும்புத் திருகாணியை வேகமாக ஆட்டிப் பாருங்கள், எண் துள்ளும். திருகாணி அதே மேசையின் இழுப்பறையில் இருக்கின்றது.