எஸ். குமார்கள் பலர் இருக்கும் ஊரில்

கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பெயர் எஸ். குமார். கூகுள் ஸ்காலரில் என் பக்கத்தில் யார் யாருடைய கட்டுரைகளோ வந்து சேர்கின்றன. என்ன செய்வது?

கவலை வேண்டாம் குமார், அரை மணி நேர வேலைதான். ஸ்காலர் பெயரை வைத்து ஊகிக்கிறது. தலைப்பெழுத்து வைக்கும் நம் வழக்கத்தில் அது தடுமாறுவது இயல்பு. உங்களுடையவை அல்லாத கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து நீக்குங்கள். பிறகு ஸ்காலர் பக்கத்தின் அமைப்புகளில், புதிய கட்டுரைகளைத் தானாகச் சேர்க்காமல் உங்களிடம் மின்னஞ்சலில் கேட்கும்படி மாற்றிவிடுங்கள்.

பெயர்க் குழப்பத்துக்கு நிலையான தீர்வு, ஆய்வாளர்களுக்கான ஆர்கிட் (ORCID) எண். 2012 முதல் இலவசமாகத் தரப்படும் இந்த 16 இலக்க எண் உங்கள் ஒருவருக்கே உரியது. தலைப்பெழுத்து முன்னால், பின்னால், விரித்து என்று நீங்கள் எழுதிய எல்லா வடிவங்களையும் ஆர்கிட் தளத்தில் மாற்றுப் பெயர்களாகப் பதியுங்கள். கட்டுரை அனுப்பும்போது இந்த எண்ணையும் தாருங்கள். இனி கட்டுரைகளில் பெயரை ஒரே வடிவத்தில் எழுதுங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன்.

கல்லூரி மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சலையும் ஆர்கிட்டில் சேர்த்துவிடுங்கள். நாளை ஆவடிக்கோ திருவள்ளூருக்கோ வேலை மாறினால் கல்லூரி முகவரி போய்விடும், கணக்குக்குள் நுழைய முடியாமல் தவிப்பீர்கள். காந்திநகர் இன்ஃப்லிப்நெட் மையத்தின் ஆய்வாளர் விவரத் தளமான வித்வானிலும் பதிந்து, அங்கும் இதே ஆர்கிட் எண்ணைக் கொடுங்கள்.