தோட்டத்து நாய்க்கும் ஒரு கணக்கு நோட்டு

வங்கியில் இருந்தபோது, கறவை மாட்டுக் கடன் கேட்டு வருகிறவர்களிடம் "காதுல வில்லை மாட்டியாச்சா, இன்சூரன்ஸ் போட்டாச்சா?" என்று கேட்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. அப்படிப்பட்டவன்தான் ஓய்வு பெற்று வடக்கனந்தலில் தோட்டம் போட்டபோது, காவலுக்கு வளர்த்த மணிக்கு ஒரு ஊசிகூட போடவில்லை. நாட்டு நாய்தானே, அதுக்கு என்ன வந்துடப்போகுது என்ற நினைப்பு.

கல்வராயன் மலையடிவாரத்தில் மரவள்ளி போட்டவர்களுக்குத் தெரியும், காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் என்ன பாடு படுத்தும் என்று. மணி வந்தபிறகுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு மாசி மாதம், கரும்புக் கொல்லை வழியாக வந்த தெருநாய் மணியைக் கடித்தது. மஞ்சள் வைத்துக் கட்டினோம், ஆறிவிட்டது. ஒரு மாதம் கழித்து அதன் குரல் மாறியது. தண்ணீர் விழுங்க முடியவில்லை, எச்சில் ஒழுகியது. தொண்டையில் எலும்பு மாட்டிக்கிச்சோ என்று நானே வாயைத் திறந்து கைவிட்டுப் பார்த்தேன். மறுநாள் கன்றுக்குட்டியைக் கடித்தது. நான்காம் நாள் செத்துப்போனது. கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "வாயில கை வச்சது யாரு? எச்சில் யார் யார் மேல பட்டுச்சு?"

அன்று எழுதிய கணக்கு

நான், வீட்டம்மா, வேலைக்கு வரும் அம்மா, அவர் வீட்டுக்காரர், அவர்களுடைய நான்கு வயதுப் பிள்ளை என்று 5 பேர். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். ஆனால் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் 4 தடவை போகவேண்டும். வேலைக்கு வரும் இருவருக்கும் 8 நாள் கூலி ₹4,000. பஸ், சாப்பாடு ₹1,600. கன்றுக்கு 5 ஊசி, மருத்துவர் வந்துபோன செலவு ₹2,500. மொத்தம் ₹8,100. மணிக்கு நான் போடாமல் விட்ட ஊசியின் விலை ₹300.

கன்று பிழைத்தது, எங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் அம்மா 28 நாளும் என் முகம் பார்த்துப் பேசவில்லை. அதை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

எதற்குப் பச்சிலை, எதற்கு ஊசி?

"இயற்கை விவசாயி ஊசி போடலாமா?" என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசும் முறையைக் கால்நடைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பினார். என் மாட்டுக்கும் அதைத்தான் செய்கிறேன். உண்ணிக்கு வேப்பெண்ணெய் தடவுகிறேன். ஆனால் வெறிநோய் அறிகுறி தெரிந்தபின் அதற்குப் பச்சிலையும் இல்லை, இங்கிலீஷ் மருந்தும் இல்லை. முன்கூட்டியே தடுப்பதுதான் வழி. குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-ல் இந்த நோய்க்காகவே தொடங்கப்பட்டது. நோய் வரக்கூடிய இடங்களில் தடுப்பூசி போடுவதை நமது தேசிய அங்ககச் சான்று விதிகளும் அனுமதிக்கின்றன.

நாய்க்கு நேர அட்டவணை

- குட்டி பிறந்த 2-3 வாரத்தில் முதல் குடற்புழு மருந்து. 3 மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 6 மாதம் வரை மாதம் ஒருமுறை, பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறை.
- 6-8 வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் கூட்டுத் தடுப்பூசி. 3-4 வாரம் கழித்து மறுபடியும்.
- 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, ஒரு மாதம் கழித்து மறு ஊசி. பிறகு வருடம் தவறாமல்.

ஆண்டுச் செலவு

இப்போது என்னிடம் இரண்டு நாய்கள். ஒரு நாய்க்கு வெறிநோய் ஊசி ₹300, கூட்டு ஊசி ₹700, புழு மாத்திரை (20 கிலோ எடைக்கு இரண்டு வீதம் 4 தடவை) ₹400. ஆக ₹1,400. இரண்டுக்கும் ₹2,800. மாதம் ₹250 உண்டியலில் போட்டால் போதும். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தையொட்டி நடக்கும் முகாம்களில் இலவசமாகவே போடுகிறார்கள். விசாரித்துவிட்டுக் கூட்டிப்போனால் அந்தச் செலவும் மிச்சம்.

மாட்டுக்குக் கோமாரி ஊசி, ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி நோய் ஊசி இரண்டும் அரசுத் திட்டத்தில் இலவசம். ஊருக்கு வரும்போது மேய்ச்சலுக்கு ஓட்டிவிடாமல் கட்டிவையுங்கள். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணைக் கூப்பிட்டால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும்.

காசில்லாமல் செய்யக்கூடியவை

- ஆடு அறுத்தால் குடல், ஈரலைப் பச்சையாக நாய்க்கு வீசாதீர்கள். அதிலிருந்து நாடாப்புழு நாய்க்கு வந்து, நம் ஈரலில் நீர்க்கட்டியாக முடியும்.
- மாட்டுக்கு வாங்கிய உண்ணி ஊசியில் மிச்சத்தை நாய்க்குப் போடாதீர்கள். நமக்கான காய்ச்சல் மாத்திரையும் கொடுக்காதீர்கள். பூனைக்குப் பாரசிட்டமால் விஷம்.
- எச்சில் ஒழுகும் நாயின் வாயில் கை விடாதீர்கள்.
- நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

எங்கள் மாட்டுக்கொட்டகைச் சுவரில் இப்போது ஒரு பழைய காலண்டர் அட்டை தொங்குகிறது. மாடு, ஆடு, நாய் எல்லாவற்றுக்கும் ஊசி போட்ட தேதியும் அடுத்த தேதியும் அதில் இருக்கின்றன. எழுதுவது நான் இல்லை. அன்றைக்கு ஊசி போட்டுக்கொண்ட அந்தப் பிள்ளைதான். இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறான். தேதி நெருங்கினால், "தாத்தா, இன்னும் ரெண்டு நாள்தான்" என்று அவனே வந்து சொல்லிவிடுகிறான். உங்கள் கொட்டகையிலும் இன்றைக்கே ஓர் அட்டையை மாட்டுங்கள்.