சர்வர் சாகல, தெருதான் மாறிடுச்சு!



போன செமஸ்டர் லீவில் வீட்டில் சும்மா கிடந்த பழைய டெஸ்க்டாப்பில் இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்டு, ஓப்பன்மீடியாவால்ட் இன்ஸ்டால் பண்ணி ஒரு ஸ்டோரேஜ் சர்வர் ரெடி பண்ணினேன். அக்காவோட வளைகாப்பு வீடியோ, தாத்தா இருந்தப்போ எடுத்த போட்டோக்கள், என் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாமே அதில்தான். வேறு காப்பி கிடையாது. அது எவ்வளவு பெரிய தப்புன்னு கடைசியில் சொல்றேன்.

ஒரு சனிக்கிழமை ஃபோல்டர் ஓப்பன் ஆகல. திங்கட்கிழமை ரிவ்யூ. சர்வரை மூணு தடவை ரீஸ்டார்ட் பண்ணினேன், லேப்டாப்பில் ஃபயர்வாலை ஆஃப் பண்ணினேன், கண்ணில் பட்ட செட்டிங்ஸை எல்லாம் மாத்தினேன். ஒண்ணும் நடக்கல. டிஸ்க்தான் போச்சுன்னு முடிவு பண்ணி, ரீஇன்ஸ்டால் பண்ண பென்டிரைவ் சொருகிட்டேன். "எந்த டிஸ்க்கில் இன்ஸ்டால் பண்ணணும்?" என்று ஸ்க்ரீன் கேட்குது. அந்த நேரம் பார்த்து ஃப்ரெண்ட் போன் பண்ணினான். விஷயத்தைச் சொன்னதும் அவன் கேட்ட ஒரே கேள்வி: "டிஸ்க் போச்சுன்னு உனக்கு யாருடா சொன்னா? முதல்ல ஐபி பாத்தியா?"

பார்க்கல. அவன் அன்னைக்கு போனில் சொல்லிக் கொடுத்த வரிசைதான் இந்தக் கட்டுரை. நெட்வொர்க்ஸ் பேப்பரில் லேயர் லேயரா படிச்சோமே, அதேதான். கீழிருந்து மேலே போகணும். ஒரு படி சரின்னு தெரிஞ்ச பிறகுதான் அடுத்த படி.

படி 1: கேபிள்

சர்வரின் லேன் போர்ட்டில் லைட் எரியுதா? எரியலைன்னா கேபிளை மாத்துங்க, ரௌட்டரில் வேறு போர்ட்டில் சொருகிப் பாருங்க. இன்னொரு விஷயம்: கனெக்ட் ஆகுது, ஆனா காப்பி ஸ்பீடு நொடிக்கு 11, 12 எம்பியைத் தாண்டவே மாட்டேங்குதுன்னா, லிங்க் 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடுதுன்னு அர்த்தம். ஜிகாபிட்டுக்குக் கேபிளில் உள்ள நாலு ஜோடி வயரும் வேணும், 100-க்கு இரண்டு ஜோடி போதும். ஒரு வயர் அறுந்தாலும் ஸ்பீடு இறங்கிடும்.

படி 2: ஐபி அட்ரஸ்

சர்வரில் மானிட்டர், கீபோர்டு மாட்டி லாகின் பண்ணி, 'ஐபி ஏ' கமாண்ட் கொடுங்க. லேப்டாப்பில் 'ஐபிகான்ஃபிக்' கொடுங்க. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க.

எனக்கு சர்வரில் 192.168.1.50, லேப்டாப்பில் 192.168.0.7. அங்கேதான் மாட்டினேன். முந்தின நாள் இன்டர்நெட் கம்பெனி ஆள் வந்து ரௌட்டரை மாத்திட்டுப் போயிருக்கார். பழைய ரௌட்டர் 192.168.1 வரிசையில் அட்ரஸ் கொடுத்தது, புதுசு 192.168.0 வரிசையில் கொடுக்குது. நான் சர்வரில் கையால் டைப் பண்ணின நிலையான ஐபி பழைய தெருவிலேயே நிக்குது. சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றால் முதல் மூணு எண்ணும் ஒண்ணா இருக்கணும். இல்லைன்னா ஒரே ரௌட்டரில் மாட்டியிருந்தாலும் ஒண்ணுக்கொண்ணு பேசாது.

சரி பண்ணுவது சுலபம். சர்வரில் ஐபியை டிஹெச்சிபி-க்கு மாத்திட்டு, ரௌட்டர் பக்கத்தில் அதன் மேக் அட்ரஸுக்கு ஒரு ஐபியை ரிசர்வ் பண்ணுங்க. கையால் போடுவதைவிட இதுதான் நல்லது.

169.254 என்று தொடங்கும் அட்ரஸ் வந்தால், டிஹெச்சிபி-யிடமிருந்து பதிலே வரல. திரும்பப் படி 1.

படி 3: பிங்

லேப்டாப்பிலிருந்து சர்வர் ஐபிக்கு பிங் பண்ணுங்க. பதில் வரலைன்னா, லேப்டாப் கெஸ்ட் வைஃபையில் இருக்கான்னு பாருங்க. கெஸ்ட் வைஃபை பெரும்பாலும் வீட்டில் உள்ள மற்ற மெஷின்களைப் பார்க்க விடாது, இன்டர்நெட் மட்டும்தான் கொடுக்கும்.

படி 4: பெயரா, ஐபியா?

எக்ஸ்ப்ளோரரில் இரண்டு பேக்ஸ்லாஷ் போட்டு சர்வர் பெயருக்குப் பதிலா ஐபியை டைப் பண்ணுங்க. ஓப்பன் ஆனால் சர்வர் நல்லாத்தான் இருக்கு, பெயரை ஐபியா மாத்தும் இடத்தில்தான் சிக்கல். 'நெட்வொர்க்' லிஸ்டில் சர்வர் தெரியலைன்னு பயப்படாதீங்க. லிஸ்டில் தெரிவது வேற, கனெக்ட் ஆவது வேற.

சில பழைய வீடியோக்களில் "எஸ்எம்பி1 ஆன் பண்ணுங்க, தெரியும்" என்பாங்க. பண்ணாதீங்க. 2017 மே மாதம் வானாக்ரை ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது அந்த எஸ்எம்பி1 ஓட்டை வழியாத்தான்.

படி 5: சர்வீஸ்

பிங் வருது, ஷேர் மட்டும் வரலைன்னா, சாம்பா ஓடுதான்னு பாருங்க. அது கேட்கும் போர்ட் 445. சர்வரில் ஃபயர்வால் போட்டிருந்தால் அந்த போர்ட் திறந்திருக்கணும். இதை உங்க வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் திறங்க. வெளியிலிருந்து ஃபைல் எடுக்கணும்னு ரௌட்டரில் 445-ஐ ஃபார்வர்ட் பண்ணவே கூடாது. அதுக்கு வயர்கார்டு மாதிரி விபிஎன் இருக்கு.

படி 6: லாகின்

பாஸ்வேர்டு கேட்டு, சரியா கொடுத்தும் உள்ளே விடலையா? முதல் தடவை எல்லாரும் விழும் குழி இது: லினக்ஸ் பாஸ்வேர்டு வேற, சாம்பா பாஸ்வேர்டு வேற. நேரா டெபியனில் செட் பண்ணினவங்க 'எஸ்எம்பிபாஸ்வேர்டு' டூலில் தனியா ஒண்ணு வைக்கணும். விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய பாஸ்வேர்டு ஒட்டிக்கிட்டு இருந்தாலும் இதே கதைதான், அதை அழிச்சிடுங்க. பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் ஷேர் வைத்திருந்தால், விண்டோஸ் 11 ப்ரோ 24ஹெச்2 அதை டிஃபால்ட்டாவே மறுக்கும். ஒரு யூசர் உருவாக்குவதுதான் சரியான வழி.

லாகின் ஆகி, ஃபைல் மட்டும் சேவ் ஆகலைன்னா அது நெட்வொர்க் பிரச்சனையே இல்ல. ஃபோல்டர் பெர்மிஷனைப் பாருங்க.

எனக்குப் படி 2-லேயே முடிஞ்சுது, பத்து நிமிஷ வேலை. பென்டிரைவைக் கழட்டும்போது கை நடுங்கினது மட்டும் ஞாபகம் இருக்கு. இன்னும் ஒரு என்டர் அழுத்தியிருந்தால், நல்லா இருந்த டிஸ்க்கை நானே அழிச்சிருப்பேன். ரிப்போர்ட்டைத் திரும்ப டைப் பண்ணிடலாம். தாத்தா போட்டோவை?

அதனால் இரண்டு விஷயம். ஒண்ணு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதையும் பேப்பரில் எழுதி வைங்க. நான் ஆஃப் பண்ணின ஃபயர்வாலைத் திரும்ப ஆன் பண்ண எனக்கு நாலு நாள் கழிச்சுத்தான் ஞாபகம் வந்தது. இரண்டு, சர்வரில் இரண்டு டிஸ்க் இருப்பது பேக்கப் ஆகாது. மிரர் போட்டிருந்தாலும், ஒண்ணில் அழிச்சால் இன்னொண்ணிலும் அழியும். வெளியே தனியா ஒரு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்க. நான் அந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்துட்டேன். நீங்க இந்த இதழை மூடினதும் எடுங்க!