விழாவுக்கு முகம் வரைகிறவர்களுக்கு

பானை, இரண்டு கரும்பு, பின்னால் சூரியன், ஓரத்தில் சீறும் காளை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இந்தப் படம்தான் பெரும்பாலான பொங்கல் விழாப் பேனர்களில் இருக்கிறது. படத்தில் தவறில்லை. ஊர்ப் பெயரை மாற்றினால் அது எந்த ஊருக்கும் பொருந்திவிடும் என்பதுதான் குறை. நெல்லைப் பக்கத்து ஊர் விழாக்களுக்கு இலச்சினை, அழைப்பிதழ், பேனர் எல்லாம் செய்து வருகிறவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: ஓர் ஊர் விழாவின் அடையாளத்தை, டிசைனர் பக்கத்தில் இல்லாமலே அந்த ஊர்க்காரர்கள் வரைந்துகொள்ள முடிய வேண்டும். முடிந்தால்தான் அது அடுத்த வருடமும் இருக்கும்.

அதனால் கமிட்டியிடம் “என்ன லோகோ வேண்டும்?” என்று நான் கேட்பதில்லை. தெருவில் நடந்து, பெரியவர்களிடம் பொங்கல் அன்று என்னென்ன செய்வார்கள் என்று கேட்பேன். எங்கள் பக்கம் பொங்கல் வைப்பது பொங்கக்கட்டியில். களிமண்ணில் பிடித்துக் காயவைத்த மூன்று கட்டிகள். சுண்ணாம்பு அடித்து, மேலே செங்காவிப் பட்டை இழுத்திருப்பார்கள். எரிப்பது பனையோலை. படையலில் மஞ்சள் குலையோடு பனங்கிழங்கும் இருக்கும். நான் வேலை செய்த ஊர்களில் ஜல்லிக்கட்டு நடந்ததில்லை; பிறகு பேனரில் காளை எதற்கு? மூன்று கட்டிகள், மேலே பானை, கீழிருந்து எழும் ஓலைத் தீ. ஒரு விழாவுக்கு இதையே இலச்சினையாக்கினோம்.

கணினியில் அழகாக வந்த வரைவை அப்படியே அச்சுக்கு அனுப்பாமல், கோலம் போடுகிறவர்களிடம் கொண்டுபோனேன். ஓர் ஆச்சி பார்த்துவிட்டு, “எதுக்குப்பா இத்தன கோடு? மாவ இழுக்கையில கை நிக்காதுல்லா” என்றார். ஆளுக்கொரு வாசலில் போட்டுப் பார்த்தார்கள். எந்த இடத்தில் கை தயங்கியதோ அந்தக் கோடு போனது. தீ மூன்று இழுப்பாகச் சுருங்கியது, கட்டிக்கு இரண்டு பட்டை போதும் என்றானது. வாசலில் மாவால், சுவரில் தூரிகையால், கரும்பலகையில் சாக்பீஸால், துணிப்பையில் ஒற்றை நிற ஸ்கிரீன் பிரிண்டிங்கில் என்று நான்கிலும் தேறிய வடிவத்தைத்தான் இறுதி செய்தேன். எந்த இலச்சினைக்கும் இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

அடுத்தது நிறம். தமிழ்நாட்டில் இது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. கருப்பும் சிவப்பும் சேர்ந்தால் கட்சி. தென்மாவட்டங்களில் இன்னும் கவலை தரும் விஷயம் ஒன்று உண்டு: பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டுக் கயிற்றின் நிறம்கூட சாதியைச் சொல்கிறது. நாம் அழகுக்காகச் சேர்க்கும் இரண்டு நிறங்கள், ஒரு தெருவுக்கு “இது நம்ம விழா” என்றும் அடுத்த தெருவுக்கு “இது நமக்கில்லை” என்றும் படலாம். எனவே நிறங்களை முடிவு செய்யும் முன் ஊரில் உள்ள கொடிக்கம்பங்களையும் சுவர்களையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாத் தெருவிலிருந்தும் ஆட்களை உட்காரவைத்து வண்ணத் தாளைக் காட்டுங்கள். வெளியூர் டிசைனருக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும். நாங்கள் எடுத்தது பொங்கக்கட்டியிலேயே இருந்த சுண்ணாம்பு வெள்ளை, செம்மண் சிவப்பு, அதோடு காய்ந்த ஓலையின் வெளிர்மஞ்சள். எல்லார் முற்றத்திலும் கிடக்கும் நிறங்கள். தேவாலய முற்றத்தில் பொங்கல் வைக்கும் குடும்பங்களும் அந்த ஊரில் உண்டு என்பதால் சிலுவை, திருநீறு, நாமம் என எந்தச் சமயக் குறியும் இலச்சினையில் வரவில்லை.

எழுத்துக்கு, ஊரில் சுவர் விளம்பரம் எழுதும் ஓவியரைத் தேடிப் போங்கள். விழாவின் பெயரை அவர் தூரிகையால் எழுதித் தர, அதை ஸ்கேன் செய்து கோடு பிடித்துக்கொண்டேன். தலைப்புக்கு அதற்கு ஈடான எழுத்துரு கிடையாது. அவருக்குக் கூலி கொடுங்கள், பெயரையும் போடுங்கள். மற்ற வரிகளுக்கு முக்த மலர், கேட்டமரன், பலூ தம்பி போன்ற இலவச யூனிகோட் எழுத்துருக்கள் தாராளம். தமிழில் மேல்விலங்கும் கீழ்விலங்கும் வருவதால் வரிக்கு வரி இடைவெளியை ஆங்கிலத்தைவிடக் கூடுதலாக வையுங்கள். இடம் போதவில்லை என்று எழுத்தை அகலத்தில் நசுக்காதீர்கள், அளவைக் குறையுங்கள். இன்டிசைனில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும். பிளக்ஸ் கடைகள் பலவற்றில் இன்னும் பழைய எழுத்துருக்களும் பழைய கோரல் டிராவும்தான். அங்கே மறுபடி டைப் அடித்தால் ரகரமும் றகரமும் கலந்துபோகும். எழுத்தைக் கர்வ் ஆக்கி பிடிஎஃப் கொடுங்கள். அதற்குமுன் ஒரு தமிழாசிரியரை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். கர்வ் ஆக்கிய பின் அதை எழுத்தாகத் திருத்த முடியாது.

பெயர்களும் படங்களும்தான் கமிட்டியில் அதிக நேரம் எடுக்கும். யார் படம் பெரிது, யார் பெயர் முதலில் என்ற பேச்சு விழாவையே உடைத்துவிடக்கூடியது. பேனரில் எவர் படமும் வேண்டாம், நன்கொடையாளர் பெயர்கள் அகரவரிசையில் நுழைவாயில் பலகையில் என்று முதல் கூட்டத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பணம் வந்த பிறகு இதைப் பேச முடியாது.

சாலையோரப் பேனரைக் கூடுமானவரை தவிருங்கள். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் சென்ற இளம்பெண் ஒருவர் உயிரிழந்ததை மறக்கக் கூடாது. பேனருக்கு ஆகும் பணத்தில் காடாத்துணியில் எழுதி மைதானத்துக்குள் கட்டலாம், மஞ்சப்பையில் இலச்சினையை அச்சடித்து வீட்டுக்கு ஒன்று தரலாம். பை வருடம் முழுவதும் கடைத்தெருவுக்குப் போய்வரும்.

வேலை முடிந்ததும் மூலக் கோப்புகள், எழுத்துருக்கள், நிற எண்கள் எல்லாவற்றையும் கமிட்டியிடம் கொடுத்துவிடுங்கள். கடைசியாக, நேரம்: வேலையைக் கார்த்திகை முடிவதற்குள் தொடங்குங்கள். மார்கழி பிறந்துவிட்டால் அச்சகங்கள் காலண்டர், டைரி வேலையில் மூழ்கியிருக்கும், உங்கள் அழைப்பிதழ் வரிசையில்தான் நிற்கும்.